முதல் முறை கம்போ சமைப்பவர்களுக்கு: அடுப்பு, ஓவன், மைக்ரோவேவ், குக்கர்

கம்போ அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் லூசியானா மாநிலத்தின் சாப்பாடு. 2004-ல் சட்டமன்றத்தில் சட்டமே இயற்றி இதைத் தங்கள் மாநில உணவாக அறிவித்துக்கொண்டார்கள். பதம் சூப்புக்கும் குழம்புக்கும் நடுவில் இருக்கும். ஆழமான கிண்ணத்தில் ஊற்றி, மேலே கொஞ்சம் சோறு வைத்து, கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவார்கள்.

செய்முறை தேடப் போனால் தலை சுற்றும். தக்காளி போடுவது பாவம் என்பார் ஒருவர். தக்காளி இல்லாமல் எங்கள் வீட்டில் கம்போவே கிடையாது என்பார் இன்னொருவர். வெண்டைக்காய் வேண்டுமா, கெட்டியாக இருக்க வேண்டுமா, தண்ணியாக இருக்க வேண்டுமா என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. புதிதாகச் செய்பவர்கள் இதில் எதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: எண்ணெயில் மாவை எந்த முறையில், எந்த நிறம் வரும்வரை வறுக்கப் போகிறீர்கள்? அந்த வறுத்த மாவுக்கு ரூ என்று பெயர். கம்போவின் நிறம், மணம், லேசான கசப்பு எல்லாம் அதிலிருந்து வருகின்றன. காய், கறி, மீன் வகைகளில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் சமாளித்துவிடலாம். ரூ கருகினால் சமாளிக்க முடியாது.

எந்த கம்போ?

லூசியானாவில் பொதுவாக இரண்டு வழிகளைச் சொல்வார்கள். ஒன்று நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைச் சேர்ந்த கிரியோல் வழி. இதில் இறால், நண்டு, சிப்பி, வெண்டைக்காய், பல வீடுகளில் தக்காளி. இன்னொன்று மேற்கே லஃபாயெட் பக்கத்துக் கிராமங்களின் கேஜன் வழி. 1755 முதல் பிரிட்டிஷாரால் கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்து விரட்டப்பட்ட பிரெஞ்சுக் குடியானவர்களின் சந்ததியினர்தான் கேஜன் மக்கள். அவர்களுடைய கம்போவில் கோழியோ வாத்தோ இருக்கும், புகையூட்டிய சாசேஜ் இருக்கும், தக்காளி இருக்காது. ரூ நல்ல கரும்பழுப்பு. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்குவதற்கு முதல் நாள் வரும் மார்டி கிரா கொண்டாட்டத்தன்று மாமூ, யூனிஸ் போன்ற ஊர்களில் முகமூடி போட்டவர்கள் குதிரையில் வீடு வீடாகப் போய் அரிசி, சாசேஜ், உயிர்க்கோழி என்று வசூலித்து வருவார்கள். கோழியைப் பறக்கவிட்டு இவர்களை ஓடிப் பிடிக்கச் சொல்வதும் உண்டு. கடைசியில் அதெல்லாம் ஊர்ப் பொதுக் கம்போவில் போய்ச் சேரும்.

முதல் முறைக்குக் கோழி-சாசேஜ் கம்போதான் என் சிபாரிசு. கடலுணவு என்றால் நேரக் கணக்கு கறாராக இருக்க வேண்டும். கோழித் தொடை அரை மணி நேரம் கூடுதலாக வெந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

வாங்க வேண்டியவை (6 பேருக்கு)

எண்ணெய் முக்கால் கப், மைதா முக்கால் கப். எலும்போடு கூடிய கோழித் தொடைகள் 1 கிலோ. புகையூட்டிய சாசேஜ் 350 கிராம். பெரிய வெங்காயம் 2 (சாம்பார் வெங்காயம் அல்ல), பச்சைக் குடைமிளகாய் 1, செலரித் தண்டு 3, பூண்டு 6 பல். உப்பில்லாத கோழி ஸ்டாக் (கோழி எலும்பை வேகவைத்து வடிகட்டிய சாறு) 2 லிட்டர். பே இலை 2, உலர்ந்த தைம் 1 தேக்கரண்டி, கேயன் மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு. கடைசியில் தூவ வெங்காயத்தாளும் பார்ஸ்லியும்.

வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் சேர்த்து 'ஹோலி டிரினிட்டி', அதாவது புனித மும்மூர்த்தி என்பார்கள். கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர், அதனால் பூண்டுக்குப் 'போப்' என்று பெயர். வெங்காயம் இரண்டு பங்கு, மற்றவை ஒவ்வொரு பங்கு என்ற அளவில் இருந்தால் சரி.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாசனை இல்லாத, அதிகச் சூடு தாங்கும் எண்ணெய் வேண்டும். சூரியகாந்தி எண்ணெய், ரீஃபைண்டு கடலை எண்ணெய் இரண்டும் நன்றாக வரும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வேண்டாம், அவற்றின் வாசனை ரூவின் வாசனையை அமுக்கிவிடும். வெண்ணெயில் இருக்கும் பால் திடப்பொருள் சீக்கிரம் கருகும் என்பதால் கரும்பழுப்பு ரூவுக்கு அதுவும் வேண்டாம். லூசியானாவில் பழைய ஆட்கள் பன்றிக்கொழுப்பிலும் வாத்துக்கொழுப்பிலும் செய்வார்கள்.

சாசேஜ் என்றால் அங்கே அண்டூயி. கரடுமுரடாக அரிந்த பன்றிக்கறியைப் பூண்டும் மிளகும் சேர்த்து நன்றாகப் புகையூட்டிச் செய்வது. நியூ ஆர்லியன்ஸுக்கு மேற்கே உள்ள லாப்ளாஸ் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அண்டூயி கிடைக்காவிட்டால் புகையூட்டிய எந்த சாசேஜும் சரி. பன்றி சாப்பிடாதவர்கள் புகையூட்டிய கோழி அல்லது வான்கோழி சாசேஜ் போட்டு, கூடவே ஒரு தேக்கரண்டி ஸ்மோக்டு பாப்ரிகா (புகையூட்டிய மிளகாயின் தூள்) சேர்க்கலாம். புகையூட்டாத பச்சை சாசேஜ் மட்டும் வேண்டாம். கம்போவுக்கு வேண்டியது அந்தப் புகை மணம்தான்.

பே இலை என்று கேட்டால் நம் கடைகளில் பிரிஞ்சி இலையைக் கொடுப்பார்கள். அது வேறு மரம், பட்டை வாசனை அடிக்கும். வேறு வழியில்லை என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரம் மசாலா, சீரகத்தூள், கறிவேப்பிலை பக்கம் கை போகும், போக விடாதீர்கள்.

ரூ: அடுப்பில் கிளறும் முறை

அடிகனமான பாத்திரம் அவசியம். இரும்புச் சட்டியோ எனாமல் பூசிய கனமான இரும்புப் பானையோ சிறந்தது. மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் அடி ஒரு பக்கம் கருகும், இன்னொரு பக்கம் பச்சையாகவே இருக்கும். கிளறுவதற்கு முனை தட்டையான மரக்கரண்டி வேண்டும். உருண்டை முனைக் கரண்டி பாத்திரத்தின் மூலைகளை எட்டாது, கருகல் ஆரம்பிப்பது அங்கேதான்.

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே காய்கள் முழுவதையும் நறுக்கிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ரூ பாதியில் இருக்கும்போது வெங்காயம் உரிக்க முடியாது. போனையும் தள்ளி வைத்துவிடலாம்.

எண்ணெயை மிதமான தீயில் சூடாக்கி, மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கட்டி இல்லாமல் கலக்குங்கள். அதன்பின் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. மாவு நுரைத்து வெளிர் மஞ்சளாகும். அடுத்து வேர்க்கடலை வெண்ணெய் நிறம் வரும். அப்போது வறுத்த கடலை மாதிரி வாசனை எழும். பிறகு செப்புக்காசு நிறம். அதற்கும் மேலே பால் சாக்லேட், கடைசியில் கருஞ்சாக்லேட். இந்தப் பெயர்களெல்லாம் லூசியானா சமையல்காரர்களே சொல்பவைதான். மிதமான தீயில் சாக்லேட் நிறத்துக்கு வர 35 முதல் 45 நிமிடம் ஆகும். கடிகாரத்தை நம்ப வேண்டாம். உங்கள் அடுப்பு வேறு, பாத்திரம் வேறு. நிறத்தையும் வாசனையையும் பாருங்கள். ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் உண்மையான நிறம் தெரியும், கருப்புச் சட்டிக்குள் எல்லாமே அடர்த்தியாகத்தான் தெரியும்.

கடைசி ஐந்து நிமிடத்தில்தான் கவனம் அதிகம் தேவை. செப்பு நிறத்துக்கு மேல் மாற்றம் வேகமாக நடக்கும். தீயைக் குறைத்துவிடுங்கள். புகை கிளம்பினால் உடனே பாத்திரத்தை இறக்கிக் கிளறுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, கருகிய ரொட்டி நெடி வந்தாலோ அந்த ரூ முடிந்தது. ஸ்டாக் ஊற்றிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், இரண்டு லிட்டரும் கசக்கும். கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். போனது முக்கால் கப் மாவும் எண்ணெயும் மட்டும்தான்.

இன்னொரு எச்சரிக்கை. கொதிக்கும் ரூ தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். எண்ணெய் போல வழிந்து போகாது. உடம்பில் ஒட்டிக்கொண்டு எரியும் போர்க்குண்டின் பெயரை வைத்து 'கேஜன் நேபாம்' என்று அங்கே இதைக் கேலியாகச் சொல்வது சும்மா இல்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைச் சமையலறைக்கு வெளியே வையுங்கள்.

நிறம் ஏற ஏற ரூவின் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும். மாவில் இருக்கும் ஸ்டார்ச் அந்தச் சூட்டில் உடைந்துபோவதுதான் காரணம். அதனால் சாக்லேட் நிற ரூ போட்ட கம்போ தண்ணியாக வருவது இயல்பு. பயந்துபோய் மேலும் மாவு கரைத்து ஊற்றுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்வது. அப்படிச் செய்தால் கம்போ போய் கிரேவி வந்துவிடும்.

இதையே சில நிமிடங்களில் முடிக்கும் ஆட்களும் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் 1979-ல் உணவகம் திறந்து கேஜன் சமையலை அமெரிக்கா முழுக்கப் பிரபலமாக்கிய பால் புரூடோம், எண்ணெயைப் புகையும் அளவுக்குக் காயவைத்து மாவைப் போட்டு, கம்பிக் கரண்டியால் விடாமல் அடித்து, நான்கைந்து நிமிடத்தில் கருத்த ரூவைச் செய்து காட்டியவர். பார்க்க நன்றாக இருக்கும். முதல் முறை செய்பவர்கள் பார்த்ததோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முக்கால் மணி நேரம் நின்று கிளற முடியாது என்றால்

ஓவன் இருந்தால் உங்கள் பிரச்சினை தீர்ந்தது. என்னைக் கேட்டால் புதியவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. எண்ணெயையும் மைதாவையும் ஓவனில் வைக்கக்கூடிய கனமான இரும்புப் பாத்திரத்தில் கட்டியில்லாமல் கலந்து, 180 டிகிரி செல்சியஸில் மூடாமல் வைத்துவிடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து அடிவரை கிளறினால் போதும். ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் நல்ல பழுப்பு வந்துவிடும். சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி படுவதால் கருகும் வாய்ப்பு குறைவு. அந்த நேரத்தில் காய் நறுக்கலாம், ஸ்டாக் வைக்கலாம். பாத்திரத்தை வெளியே எடுக்கும்போது மட்டும் கனமான கையுறை, நிதானமான நடை.

எண்ணெய் குறைக்க விரும்புகிறவர்கள் உலர்ந்த ரூ செய்யலாம். வெறும் மைதாவை இரும்பு வாணலியில் பரப்பி, 200 டிகிரி ஓவனில் 10-15 நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வறுப்பது. ஓவன் இல்லையா, அடுப்பில் சிறு தீயில் ரவை வறுப்பது போல வறுத்தாலும் வரும். உலர்ந்த மாவு பார்க்க வெளிர் நிறமாகத் தெரியும், தண்ணீர் பட்டதும் நன்றாகக் கருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் குழைத்துப் பார்க்கலாம். ஆறியதும் சலித்து பாட்டிலில் போட்டு வைத்துக்கொண்டால் வேண்டும்போது எடுத்து, ஆறின ஸ்டாக்கில் கரைத்து, கொதிக்கும் பானையில் ஊற்றலாம். சூடான ஸ்டாக்கில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். சுவை எண்ணெய் ரூ அளவுக்குச் செழிப்பாக இருக்காது, ஆனால் மோசம் என்று சொல்ல மாட்டேன்.

மைக்ரோவேவ் என்றதும் சிரிக்க வேண்டாம். லூசியானா வீடுகளிலேயே இது பழக்கத்தில் இருக்கிறது. நான்கு கப் பிடிக்கும், சூடு தாங்கும் கண்ணாடிக் குடுவையில் மூன்றில் இரண்டு பங்கு கப் எண்ணெயும் அதே அளவு மைதாவும் கலந்து, முழுச் சக்தியில் 6 நிமிடம் வையுங்கள். எடுத்துக் கிளறினால் வெளிர் பழுப்பாக இருக்கும். அதன்பின் 30 விநாடிக்கு ஒரு தடவை எடுத்துக் கிளற வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் வேண்டிய நிறம் வந்துவிடும். பிளாஸ்டிக் பாத்திரம் உருகிவிடும், அதை நினைக்கவே வேண்டாம். எடுத்த குடுவையை ஈரமான மேடையிலோ குளிர்ந்த கல்லிலோ வைத்தால் கண்ணாடி விரிசல் விடும். மடித்த உலர்ந்த துணிமேல் வையுங்கள்.

பாட்டிலில் அடைத்த ரூவும் உண்டு. தென் லூசியானாவில் மளிகைக் கடை அலமாரியிலேயே இருக்கும், அங்கே நன்றாகச் சமைப்பவர்களும் வாங்குகிறார்கள். வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஆன்லைனில்தான் தேட வேண்டியிருக்கும். கொதிக்கும் ஸ்டாக்கில் ஒவ்வொரு கரண்டியாகப் போட்டுக் கரைத்தால் போதும். பாட்டிலில் சொன்ன அளவில் பாதி போட்டுப் பார்த்துவிட்டு மீதியைச் சேர்க்கலாம்.

கோழி-சாசேஜ் கம்போ, படிப்படியாக

1. சாசேஜை அரை அங்குல வட்டங்களாக வெட்டித் தனி வாணலியில் இரண்டு பக்கமும் சிவக்க வறுத்து எடுங்கள். அதே வாணலியில் உப்பும் மிளகும் தடவிய கோழித் தொடைகளைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துச் சிவக்க விடுங்கள். உள்ளே வேக வேண்டியதில்லை. அடியில் ஒட்டியிருப்பதை ஒரு கரண்டி ஸ்டாக் ஊற்றிச் சுரண்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பானையில் சேர்க்கலாம். சிலர் இந்தக் கொழுப்பிலேயே ரூ செய்வார்கள். புதியவர்கள் வேண்டாம், ஒட்டியிருக்கும் துணுக்குகள் கருகி ரூ கருகிவிட்டதோ என்று குழப்பும்.

2. பெரிய கனமான பானையில் மேலே சொன்ன ஏதாவது ஒரு முறையில் ரூவைத் தயாரியுங்கள். கோழி கம்போவுக்குப் பால் சாக்லேட் நிறம் போதும்.

3. நிறம் வந்த கணமே வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் போடுங்கள். பெரிய சத்தத்தோடு ஆவி கிளம்பும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். காய்களின் ஈரம் ரூவின் சூட்டைச் சட்டென்று இறக்கும். வறுவல் அங்கே நிற்பது இதனால்தான். ஆனாலும் காய் விழுந்த பிறகு நிறம் இன்னும் ஒரு படி கருக்கும், அதைக் கணக்கில் வைத்து ஒரு படி முன்னாலேயே நிறுத்துங்கள். 8-10 நிமிடம் வதக்கி, பூண்டைப் போட்டு இன்னும் ஒரு நிமிடம்.

4. ஸ்டாக்கை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். முதல் இரண்டு மூன்று கரண்டிக்கு இறுகிக் களி போல ஆகும். பிறகு இளகும். எண்ணெய் தனியாகப் பிரிந்து திட்டுத் திட்டாக நின்றால் கவலைப்பட வேண்டாம், நன்றாகக் கொதி வந்ததும் கலந்துவிடும்.

5. கோழி, சாசேஜ், வாணலியிலிருந்து எடுத்த சாறு, பே இலை, தைம், கேயன் தூள் எல்லாவற்றையும் போடுங்கள். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அரைகுறையாக மூடி, ஒன்று முதல் ஒன்றேகால் மணி நேரம் மெல்லக் கொதிக்க விடுங்கள். அவசரப்பட்டு அரை மணியில் இறக்கினால் மாவு வாசனை தூக்கலாக இருக்கும். மேலே மிதக்கும் எண்ணெயை அவ்வப்போது கரண்டியால் வழித்து எடுங்கள். நிறையவே வரும், அத்தனையையும் வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

6. கோழியை வெளியே எடுத்து, ஆறியதும் எலும்பு நீக்கிப் பெரிய துண்டுகளாகப் பிய்த்துத் திரும்பப் போடுங்கள். உப்பு இப்போதுதான் பார்க்க வேண்டும். சாசேஜ் தன் உப்பை முழுவதும் விட்டிருக்கும். முன்பே போட்டிருந்தால் கரித்துப்போகும்.

7. வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் தூவி ஐந்து நிமிடம் கழித்து அடுப்பை அணைத்துவிடுங்கள்.

பதம் எப்படி இருக்க வேண்டும்? கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்ட வேண்டும், சோற்றின் மேல் ஊற்றினால் அடிவரை இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஃபிலே தூள்

சசஃப்ராஸ் மரத்தின் இளம் இலைகளை உலர்த்தி இடித்த பச்சைத் தூள் இது. லூசியானாவின் ஆதிகுடிகளான சாக்டா மக்கள் பயன்படுத்தி வந்தது. கம்போவுக்குக் கொஞ்சம் வழவழப்பையும் மண்வாசனை போன்ற ஒரு மணத்தையும் தரும். அடுப்பில் கொதிக்கும்போது போட்டால் நூல் நூலாக இழுக்கும், அதனால் சாப்பாட்டு மேசையில் அவரவர் கிண்ணத்தில் அரைத் தேக்கரண்டி தூவிக்கொள்வதே பாதுகாப்பு. வெண்டைக்காய் போட்ட கம்போவில் பொதுவாக ஃபிலே போடுவதில்லை, இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கோடையில் வெண்டைக்காய், அது காய்க்காத குளிர்காலத்தில் ஃபிலே என்பது பழைய பழக்கம். கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், கம்போ கம்போவாகவே இருக்கும்.

பிரஷர் குக்கர், ஸ்லோ குக்கர்

பிரஷர் குக்கரில் எல்லோரும் நினைப்பது, ரூ செய்து எல்லாவற்றையும் போட்டு மூடி விசில் விட்டுவிடலாம் என்று. கெட்டியான மாவு அடியில் தங்கிப் பிடிக்கும். மின் குக்கர் என்றால் பாதியில் நின்று அடிப்பிடிக்கிறது என்று கத்தும். வரிசையை மாற்றிவிடுங்கள். கோழி, காய்கள், தைம், பே இலை, ஒன்றரை லிட்டர் ஸ்டாக் மட்டும் போட்டு மூன்று விசில், மின் குக்கர் என்றால் அதிக அழுத்தத்தில் 12 நிமிடம். அது வேகும் நேரத்தில் ரூவை ஓவனிலோ மைக்ரோவேவிலோ தயாரித்து வைத்திருங்கள். ஆவி இறங்கியதும் திறந்து, ரூவையும் வறுத்த சாசேஜையும் சேர்த்து, திறந்தபடியே 25-30 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டால் மாவு வாசனை அடங்கிவிடும். மாலை வேலை முடிந்து வந்து செய்பவர்களுக்கு இதுதான் சாத்தியம். பழைய கோழியைப் போட்டு நெடுநேரம் காய்ச்சிய கம்போவின் சுவை முழுவதும் இதில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசி வரும்.

ஸ்லோ குக்கரில் எதுவும் சிவக்காது, தண்ணீரும் வற்றாது. ஆகவே வறுப்பது எல்லாம் வெளியே நடக்க வேண்டும்: ரூ, அதில் வதக்கிய காய்கள், சிவக்க வைத்த சாசேஜ். ஸ்டாக்கைக் கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். குறைந்த சூட்டில் 6-7 மணி நேரம், அதிகச் சூட்டில் 3-4 மணி நேரம். தொடைக்கறிதான் போட வேண்டும், நெஞ்சுக்கறி நார் நாராகிவிடும்.

கடலுணவு கம்போவும் வெண்டைக்காயும்

இதற்கு ரூ செப்புக்காசு நிறத்தோடு நிற்கட்டும். சாக்லேட் நிறம் வரை போனால் இறாலின் இனிப்பு தெரியாமல் போகும்.

இறாலைத் தலையும் ஓடும் சேர்த்து வாங்குங்கள், உரித்து வாங்கினால் பாதிச் சுவையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். ஓடுகளைக் கொஞ்சம் எண்ணெயில் சிவக்க வறுத்து, வெங்காயத் தோல், செலரி நுனி, இரண்டு லிட்டர் தண்ணீர் சேர்த்து 30-40 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் அதுதான் ஸ்டாக். நியூ ஆர்லியன்ஸில் நீல நண்டுகளைப் பாதியாக உடைத்துப் பானையிலேயே போடுவார்கள். நமக்குக் கிடைக்கும் சிறு கடல் நண்டும் நன்றாக இருக்கும்.

வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு லூசியானாவுக்குப் போனது. கம்போவே அவர்கள் கையில் பிறந்த சமையல் என்று சொல்லலாம். ரூ இல்லாமல் வெண்டைக்காயை மட்டுமே நம்பிச் செய்யும் கம்போவும் இன்றும் உண்டு. வெண்டைக்காயின் வழவழப்பை எடுக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. 400 கிராம் காயைக் கழுவித் துடைத்து வட்டமாக நறுக்கி, அகலமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, நூல் இழுப்பது நிற்கும்வரை 20 நிமிடமாவது வதக்குங்கள். கிரியோல் வழியில் போகிறவர்கள் இந்த இடத்தில் இரண்டு தக்காளியைச் சேர்க்கலாம், அதன் புளிப்பும் வழவழப்பை அடக்கும். இரும்புச் சட்டியில் வதக்கினால் வெண்டைக்காய் கறுத்துவிடும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது.

மற்றதெல்லாம் கோழி கம்போ போலத்தான். ரூ, காய்கள், இறால் ஸ்டாக், நண்டு, வதக்கிய வெண்டைக்காய் சேர்த்து முக்கால் மணி நேரம் கொதித்த பிறகு, உரித்த இறால் அரைக் கிலோவைப் போட்டு 4-5 நிமிடம். சிப்பி கிடைத்தால் கடைசி இரண்டு நிமிடத்தில் அதன் நீரோடு சேர்த்து, ஓரம் சுருண்டதும் அடுப்பை அணைக்க வேண்டும். பிரஷர் குக்கரில் இறாலைப் போட்டு மூடாதீர்கள். ரப்பராகிவிடும்.

கீரை கம்போ

சைவக்காரர்கள் இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்திருந்தால் உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. பெயர் கம்போ செர்ப். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் செய்வது. நியூ ஆர்லியன்ஸின் டூக்கி சேஸ் உணவகத்தில் லியா சேஸ் பல பத்தாண்டுகள் பெரிய வியாழனன்று இதைச் சமைத்துப் பரிமாறினார். 2019-ல் அவர் மறைந்த பிறகும் அந்த வழக்கம் தொடர்கிறது. அவருடையது கறியும் சாசேஜும் நிறைந்தது, வெள்ளிக்கிழமை நோன்புக்கு முந்தைய நாள் விருந்து அல்லவா. கறியில்லாமல் செய்யும் வீடுகளும் உண்டு.

கடுகுக்கீரை, முட்டைக்கோஸ், பசலை, பீட்ரூட் கீரை, முள்ளங்கிக்கீரை, கேரட் தழை, பார்ஸ்லி என்று கிடைத்ததைச் சேர்க்கலாம். எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். எத்தனை கீரையோ அத்தனை புது நண்பர்கள் கிடைப்பார்களாம். ஒரு கிலோ அளவுக்குக் கீரைகளை வேகவைத்து, வெந்த நீரை எடுத்து வைத்துக்கொண்டு, கரகரப்பாக அரையுங்கள். வேர்க்கடலை வெண்ணெய் நிறத்து ரூ, வதக்கிய மும்மூர்த்திகள், கீரை நீர், அரைத்த கீரை என்று வரிசையாகச் சேர்த்து 40 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். புகை மணத்துக்கு ஸ்மோக்டு பாப்ரிகா. முருங்கைக்கீரை வேண்டாம், அரைத்தால் கசப்பு ஏறும்.

சோறும் மிச்சமும்

சோற்றைத் தனியாகத்தான் வடிக்க வேண்டும். கம்போவுக்குள்ளேயே அரிசியைப் போட்டு வேகவைக்கக் கூடாது. கிண்ணத்துக்குக் கால் கப் சோறு போதும், இது குழம்புச் சாதம் அல்ல. பாஸ்மதியின் வாசனை இதற்குப் பொருந்தவில்லை, வழக்கமாக வீட்டில் வடிக்கும் பச்சரிசியே மேல். கேஜன் ஊர்களில் சோற்றுக்குப் பதிலாகவோ சோற்றோடு சேர்த்தோ ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட்டைக் கம்போவுக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். முதலில் கேட்கும்போது விநோதமாக இருக்கும், சாப்பிட்டால் நன்றாகவே இருக்கும். காரம் போதாதவர்களுக்கு மேசையில் டபாஸ்கோ மிளகாய் சாஸ் பாட்டில். அதுவும் லூசியானாவின் ஏவரித் தீவில் 1868-லிருந்து செய்யப்படும் சரக்குதான்.

கோழி கம்போ மறுநாள்தான் உச்சத்தில் இருக்கும். மிஞ்சியதைப் பெரிய பானையோடு ராத்திரி முழுக்க அடுப்பின் மேலேயே விட்டுவிடாதீர்கள். அவ்வளவு பெரிய பானை உள்ளே ஆறப் பல மணி நேரம் ஆகும், அதற்குள் கெட்டுவிடும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். மேலே உறையும் கொழுப்பை மறுநாள் அப்படியே ஏடாக எடுத்துவிடலாம். ஃபிரீசரில் வைப்பதாக இருந்தால் சோறும் ஃபிலேயும் சேர்க்காமல் வையுங்கள், மூன்று மாதம் வரை சுவை கெடாது. கடலுணவு கம்போவை உறைய வைக்க விரும்பினால் இறால் போடுவதற்கு முன்பே வேண்டிய அளவைப் பிரித்து வைத்துவிட்டு, பிறகு சூடாக்கும் நாளில் புது இறாலைப் போட்டுக்கொள்ளலாம்.